சதீஷ் தொரையின் நீர்வாழ் திட்டம்

படைத்தவன் பாதியில் விட்டுப்போன வேலையை முடித்துவைக்க மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் முன்வந்ததை உலகம் இன்னும் முறையாகப் பாராட்டவில்லை. பாராட்டும் பேறு முதலில் வாய்த்தது பாலக்காட்டு வியாபாரி அலவிக்கு. அவர் போனது என்னவோ ரப்பர் பூட்ஸும் கையுறையும் விற்க.

பெருமழை தொடங்கச் சில நாட்களே இருந்தன. கோடை மழையிலேயே கொழுந்து கிள்ளும் முருகேஸ்வரிக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். கைவிரல்கள் ஊறி வெடித்திருந்தன. தொழிலாளர் சார்பில் 'கொள்முதல் ஆலோசனைக் கூட்ட'த்துக்கு அவள்தான் வந்திருந்தாள்.

மேனேஜர் சதீஷ் சுவரில் படம் காட்டினார். ஒரு திமிங்கலம், ஒரு நீர்யானை.

"பூட்ஸெல்லாம் பழைய சிந்தனை, பாய். இது ரெண்டுக்கும் முன்னோர் ஒண்ணு. ஆனா தனித்தனியாத்தான் தண்ணியில இறங்குச்சு. வேண்டாத ஜீன் ஒவ்வொண்ணா செயலிழந்துச்சு. முடி போச்சு, எண்ணெய்ச் சுரப்பி போச்சு, தோல் தடிச்சுது. யாராவது பூட்ஸ் வாங்கிக் குடுத்தாங்களா?"

அலவி நேர்மையாக யோசித்தார். "இல்லீங்க. நீர்யானை சைஸ் நம்ம கடையில வர்றதில்லீங்க."

"அதேதான். நாம பூட்ஸ் குடுத்தா இவங்க பரிணாமத்தை நாமளே தடுத்த பாவம் வரும்."

"தொரை, எனக்குச் சர்க்கரை இருக்கு," என்றாள் முருகேஸ்வரி. "இந்த மழையிலயும் கால் ஊறுச்சுன்னா எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"திமிங்கலத்துக்கும் பின்னங்கால் போயிடுச்சு, முருகேஸ்வரி," என்றார் சதீஷ் கனிவோடு. "எவ்வளவு பெருசா முன்னேறியிருக்கு பாருங்க."

முருகேஸ்வரி திமிங்கலத்தைப் பார்த்தாள். பொறாமைப்பட்டதாகத் தெரியவில்லை.

"தோலு தடிக்க எத்தனை வருசமுங்க ஆகும்?" என்றார் அலவி.

"அஞ்சு கோடி."

முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டுவது வம்சத்துக்கே இழுக்கு என்று வளர்ந்தவர் அலவி. "ஒரு தோலுக்கு அஞ்சு கோடி சாஸ்திங்க. பாத்துச் சொல்லுங்க."

சதீஷ் ஜன்னல் வழியே மேகத்தை மதிப்பிட்டார். "நம்ம மழைக்கு ஒரு கோடியில முடிக்கலாம்."

"எறங்கி வாங்க."

"அம்பது லட்சம். அதுக்குக் கீழ இயற்கைக்குக் கட்டுபடியாகாது."

"சேதாரமுங்க?"

"என்னது?"

"தோலு தடிக்கறதுக்குள்ள வீணாப்போற உருப்படிங்க. அது ஆரு பொறுப்புங்க?"

"அது இயற்கைத் தேர்வு. கம்பெனி பொறுப்பில்லை."

அலவி தோளில் கிடந்த துண்டை உதறினார். அவர் ஊர்ப்பக்க மாட்டுச் சந்தையில் கடைசி விலையை வாய் சொல்லாது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள்.

"துண்டுக்குள்ள பேசி முடிச்சுக்கலாமுங்க. எனக்குப் பதிலா இந்தம்மா கை குடுக்கட்டும். போட்டுக்கப்போறது அவங்கதானுங்களே."

பாரம்பரியத்தின்மேல் சதீஷுக்குத் தனி மதிப்பு உண்டு. கையை நீட்டினார். அலவி துண்டைப் போர்த்தினார். உள்ளே முருகேஸ்வரியின் வெடித்த விரல்கள் மேனேஜரின் விரல்களைப் பற்றின. அவள் விலை எதுவும் சொல்லவில்லை; வெறுமனே பிடித்திருந்தாள்.

சதீஷின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கையை உருவிக்கொண்டு எழுந்து போனவர், சானிடைசர் மணக்கத் திரும்பி வந்தார். உட்கார்ந்ததும் பேனாவைத் திறந்தார்.

மாடு விற்ற காலத்தில் எத்தனையோ கல்நெஞ்சுத் தரகர்களைத் துண்டுக்கடியில் கரைத்தவர் அலவி. வியாபாரம் படிந்துவிட்டதென்றே நம்பினார். "கையில பட்டாத்தானுங்க தெரியும்," என்றார் திருப்தியாக.

"உண்மைதான் பாய்," என்று சதீஷ் ஆர்டரை நீட்டினார்.

கையுறை, ஒரு ஜோடி. அளவு, மேனேஜருடையது. காரணம், 'தொழிலாளர் சந்திப்புகளின்போது அணிய.'

அலவி அதை இரண்டு தரம் படித்துவிட்டு முருகேஸ்வரியிடம் கொடுத்தார். அவள் படித்தாள், மடித்தாள், மேசைமேல் வைத்தாள்.

"அடுத்த மழைக்கு ஒத்தக்கால் பூட்ஸ்தான் கேப்பேன், தொரை," என்றாள். "கம்பெனிக்குப் பாதி மிச்சம்."