இங்கு எழுதிக் கொடுக்கப்படும்

பாளையங்கோட்டையில் என் பக்கத்து வீட்டுக் கணேஷ்ராம், சென்னைக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, எழுத்தையே தொழிலாக நடத்துவது என்று தீர்மானித்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஓட்டுப் போட்டவன் அவன் ஒருத்தன்தான். அவன் மனைவி மதுமதி பள்ளிக்கூட டீச்சர். வாக்கெடுப்பு நடந்தபோது அடுப்படியில் இருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அவள் சத்தம் போடவில்லை. கெடு மட்டும் வைத்தாள்.

“ஆனித் தேர் நிலைக்கு வாரதுக்குள்ள என்ன தொழில்னு பதிவு பண்ணி, சான்றிதழக் காட்டுங்க. இல்லன்னா ஏரல்ல எங்க அண்ணன் பாத்திரக் கடையில போய் உக்காருங்க. அங்கன என்ன விக்கோம்னு யோசிக்கவே வேண்டாம். குடத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும்.”

கணேஷ்ராமுக்கு மச்சானையும் ஆகாது, பாத்திரச் சத்தமும் ஆகாது. அன்றைக்கே உட்கார்ந்து, தான் வழங்கவிருக்கும் சேவைகளைப் பட்டியல் போட்டான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடை விளம்பரம், கவுன்சிலருக்கு மேடைப் பேச்சு, கோபித்துக்கொண்ட மாமனாருக்கு மன்னிப்புக் கடிதம் என்று மொத்தம் இருபத்தேழு வந்தது.

செல்போனில் தொழில் பாடம் நடத்தும் நிபுணர் ஒருவரை அவன் தினமும் பார்ப்பான். கோட்டுப் போட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு பூந்தொட்டியை வைத்துக்கொண்டு பேசுகிற மனுஷன். “ஒரே ஒரு சேவை போதும். மற்றதெல்லாம் கேட்டு வந்தால், மன்னிக்கணும் என்று சொல்லப் பழகுங்கள்” என்றார் அவர். கணேஷ்ராம் இருபத்தேழில் எதையும் விட மனசில்லாமல், எல்லாவற்றையும் மூன்றே வார்த்தையில் அடக்கி வாசலில் பலகை மாட்டிவிட்டான்: இங்கு எழுதிக் கொடுக்கப்படும்.

பலகையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நம்ம ஊரில் ‘எழுதிக் கொடுத்துட்டான்’ என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“எதலே எழுதிக் கொடுக்கப் போற? வயலையா?” என்று கேட்டேன்.

“தில்லைநாயகம் அண்ணாச்சி, நீங்க எந்தக் காலத்துல இருக்கிய?” என்று சிரித்தான்.

என் பைக்கில்தான் அவனைச் சுயதொழில் வகைப்பாட்டு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். பிரிவு எழுத்தர் ஸ்வீட்லின் மனுவை வாங்கி, தடித்த கையேடு ஒன்றைப் புரட்டினாள்.

“எழுதிக் கொடுத்தல். சொத்து மாற்றத்துல வருது சார்.”

“சொத்து இல்லம்மா. எழுத்து.”

“சரி, சொத்து விவரத்துல எழுத்துன்னு போட்டுக்கிடுதேன். மொத்தப் பரப்பு இருநூத்தி நாப்பத்தேழு. பூர்வீகமா, சுயமா சம்பாதிச்சதா?”

“எங்க அப்பாதான் சொல்லித் தந்தாவ.”

“அப்ப பூர்வீகம். நான்கெல்லை சொல்லுங்க.”

கணேஷ்ராம் என்னைப் பார்த்தான். நான் கூரை விசிறியைப் பார்த்தேன். பிறகு அவனே, வடக்கே கல்யாணப் பத்திரிகை, தெற்கே கண்ணீர் அஞ்சலி, கிழக்கே கடை விளம்பரம், மேற்கே மேடைப் பேச்சு என்று எழுதிக் கொடுத்தான். அவள் பிழையில்லாமல் பதிந்துகொண்டாள்.

கோப்பு, அலுவலர் பஞ்சாபகேசனின் மேஜைக்குப் போனது. தங்கமான மனுஷர். விதியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

“பூர்வீகம்னா கூடப் பொறந்தவா சம்மதம் வேணுமே. யார் இருக்கா?”

“ஒரு அக்கா. சண்முகசுந்தரி. ஆழ்வார்திருநகரியில கட்டிக் கொடுத்திருக்கு.”

“அவா கையெழுத்த வாங்கிண்டு வாங்கோ. அவ்வளவுதான்.”

தேருக்கு நாலு நாள் இருந்தது. போனோம். அக்கா காபி கொடுத்தாள். படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, படிக்க என்ன இருக்கு? ஒரு கையெழுத்துதான்” என்றான் கணேஷ்ராம்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

“அப்பா காரியம் முடிஞ்ச பதினாறாம் நாளும் நீ இதத்தாம்ல சொன்ன. ஒரு கையெழுத்துதான்னு. போட்டேன். ஆத்துப் பாசன வயலு முழுசும் உன் பேருக்குப் போயிட்டு. எனக்கு ஒரு சேலை எடுத்துத் தந்த. பச்சைக் கலரு.”

கணேஷ்ராம் காபி டம்ளரைக் கீழே வைத்தான். எனக்கும் கருங்குளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு தங்கச்சி உண்டு. அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

“இப்ப என்னக்கா செய்யணும்?”

“எழுத்துல எனக்குப் பங்கு உண்டுன்னு கவர்மெண்டுக்காரனே சொல்லுதான். உயிரெழுத்து பன்னெண்டும் எனக்கு. மிச்சத்த வச்சு நீ தொழில் பண்ணு.”

“உயிரெழுத்து இல்லாம எப்படிக்கா? ‘அக்கா’ன்னு கூட எழுத முடியாதே.”

“இத்தன வருசமா நீ எங்க எழுதுன? இல்லன்னா பாதி வயல எழுதிக் கொடு. அதத்தான வாசல்ல போர்டு போட்டு வச்சிருக்க?”

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பைக்கை நிறுத்தச் சொல்லி அரைமணி நேரம் யோசித்தான். ஒரு பக்கம் பாதி வயல். மறுபக்கம் ஆயுள் பூராவும் மச்சான் கடையில் குண்டானுக்கு மூடி தேடுவது. மறுநாளே பாதி வயலை அக்கா பேருக்கு எழுதிக் கொடுத்தான். அவள் பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பஞ்சாபகேசன் பத்திர நகலைப் பார்த்து முகம் மலர்ந்தார். “தொழில் தொடங்கினதுக்கு அத்தாட்சியே கொண்டுவந்துட்டேளே. நாங்க முதல்லயே சொன்னோமோன்னோ, சொத்து மாற்றம்னு.” தேர் நிலைக்கு வந்த அன்று மதுமதி கையில் சான்றிதழ் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, “உங்க அக்காவுக்குச் சேரவேண்டியது சேந்துட்டு” என்று மட்டும் சொன்னாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதைச் சொல்லப்போகிறேன்? அக்கா சும்மா இருக்கவில்லை. ஆழ்வார்திருநகரியிலிருந்து ஏரல் வரைக்கும் சேதி போய்விட்டது. தம்பிக்கு, அண்ணனுக்கு, பங்கு கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய பெண்கள் கணேஷ்ராம் வாசலில் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். அவனும் ஒருத்திக்குத் தம்பியானபடியால், அண்ணன் தம்பிகளை எங்கே தட்டினால் வலிக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை எனக்கும் ஒரு பதிவுத்தபால் வந்தது. தங்கச்சி கையெழுத்து; வாசகம் கணேஷ்ராமுடையது. படிக்கப் படிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் நான் அவளுக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் கலர் உள்பட எல்லாம் சரியாக இருந்தது.

பதில் எழுதி வாங்கலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் பஞ்சாபகேசன், கையில் அதே மாதிரி ஒரு கவரோடு நின்றுகொண்டிருந்தார்.

கணேஷ்ராம் எங்கள் இரண்டு பேரையும் மரியாதையாக உட்காரவைத்தான்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி” என்றான். “நான் ஒரே ஒரு சேவைதான் வச்சிருக்கேன்.”