மலைமைனா வழக்குச் சாட்சிகள்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மறுபடியும் தகவல் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரோ மலைமைனாவைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்களாம்.

பதுளையில் வனவிலங்கு அதிகாரியாயிருந்த இரகுநாதன் பாதித் தேத்தண்ணியோடு எழுந்தார்.

"போன கிழமையும் ஒண்டு பிடிச்சனாங்கள். இவங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

"மண்சரிஞ்ச ரோட்டுல மறுபடியும் ஏறணுமா சேர்?" என்று முனகினான் சாரதி புவாத்.

ஏறத்தான் வேண்டும். காட்டுப் பறவை வியாபாரத்தைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் நாடு கையெழுத்திட்டிருந்தது. பறவையைப் பதுளைக்குக் கொண்டுவந்து பதியவேண்டும். பிறகு பிடித்த காட்டிலேயே விடவேண்டும்.

முதல் வழக்கு சாட்சியில்லாமல் விழுந்தது. "சாட்சியையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்" என்றது கொழும்பு. ஏற்றிவந்தார். ஒரு சாட்சி போதவில்லை. அடுத்த முறை ஜீப் நிறைந்தது: கைக்குழந்தைக்காரி ஒருத்தி, காலில் கட்டுப்போட்ட முருகையா, வழி நெடுக இருமிய இன்னும் இருவர். இரகுநாதன் மடியில் கூண்டு.

"ஆர் பிடிச்சது?"

"தெரியாதுங்க. கூண்டு அங்கன தொங்குச்சுங்க. அம்புட்டுத்தான்."

எல்லோரும் அதையே சொன்னார்கள். கையெழுத்து வைத்ததும் பதுளை நெரிசலில் மறைந்தார்கள்.

சாட்சி கூடக்கூட அறிக்கை தடித்தது. ஊவா மாகாணத்தில் பெரிய கடத்தல் கும்பல் என்று கடல்கடந்தும் பேச்சாயிற்று. வெள்ளைக்கார நிபுணர் அம்மா ஒருவர் நேரிலேயே வந்து இறங்கினார். இரகுநாதன் முதுகுவலியோடு அவரையும் மலைமேல் கொண்டுபோய், பிடித்த மைனாவைத் திறந்துவிட்டார். அது பக்கத்துக் கிளையில் சாவகாசமாக உட்கார்ந்து இறகு கோதியது. அம்மா படமெடுத்தார்.

"இந்த ஒப்பந்தம் இவ்வளவு ஒழுங்காக நடப்பதை நான் எங்குமே கண்டதில்லை. உங்களுக்குப் பெரிய வேன் ஒன்று அனுப்பச் சொல்கிறேன்!"

இத்தனை வருட உத்தியோகத்தில் இரகுநாதனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஜீப் சில்லில் அப்பிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கொழுந்துக் கூடையோடு வந்த பாக்கியலெட்சுமி அவரருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஐயா, வாற செவ்வாக்கெழம எங்க மக துஷாந்தினிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில கிளினிக்குங்க. மண்ணு சரிஞ்சதுலேருந்து பஸ்ஸு வரக் காணோம். குருவிய அன்னைக்குப் புடிச்சுக்கிறீங்களா?"