அலமாரி இருமிய மாலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் பெண்ணும் உடம்பளவில் சௌக்கியம். தங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. தங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்றும் கேட்க ஆசை. ஆனால் அந்த இருமலைப் பற்றிப் பேசும் யோக்கியதை எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால் கேட்காமல் விடுகிறேன்.

நான் பேனா பிடித்துக் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. போனில் பேசியிருக்கலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். போனில் பேசியதால்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் நிச்சயமான மறு வாரமே மாப்பிள்ளை இரண்டு பெட்டிகள் வாங்கி, ஒன்றைத் தங்கள் வீட்டிலும் ஒன்றை எங்கள் கூடத்து அலமாரியிலும் வைத்தது தங்களுக்கு நினைவிருக்கும். பவுடர் டப்பா உயரம், தலையில் ஒரு நீல விளக்கு, உள்ளே ஒரு பெண் குரல். "கையால எதையும் தொடவே வேணாம் மாமா. அதோட பேரச் சொல்லி, சம்பந்திக்கு போன் போடுன்னு சொன்னாப் போதும். நீங்க பாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டே பேசலாம்" என்றார். எனக்கு வேலை எதுவும் இல்லை, நான் ஓய்வு பெற்றவன் என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை. அந்தப் பெட்டியின் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதமாட்டேன். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அது விழித்துக்கொள்ளும்.

அன்று மாலையும் வழக்கம்போல ஐந்தரைக்குத் தாங்கள் அழைத்தீர்கள். கல்யாண மண்டபத்து நாற்காலிகளுக்கு உறை போடுவதா வேண்டாமா என்பது பற்றித் தாங்கள் பேசியது நாற்பத்தேழு நிமிடம். முடிவில் நான் "சரிங்க, வச்சிடறேன்" என்றேன். இங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது. ஐம்பது வருடமாக அந்தச் சொல்லைச் சொன்னதும் கையில் இருப்பதை வைத்துப் பழகிய ஆள் நான். கையில் போன் இல்லாததால், பழக்கதோஷத்தில், மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேஜைமேல் வைத்தேன். அது 'டக்' என்று மூடிக்கொண்டது. அத்தோடு பேச்சு முடிந்ததாக என் உடம்பு தீர்மானித்துவிட்டது. பெட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'கட் பண்ணு' என்று ஆணையிட்டால்தான் அது கட் பண்ணும் என்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் இருந்தார். நான் தலையாட்டியும் இருந்தேன்.

தாங்கள் உலகம் அறிந்தவர். எந்த வீட்டிலும் போன் பேச்சு என்பது இரண்டு பாகம் கொண்டது. முதல் பாகம் ஒருவரோடு பேசுவது. வைத்த பிறகு அவரைப் பற்றிப் பேசுவது இரண்டாம் பாகம். முதலாவது, இரண்டாவதற்குத் தேவையான விஷயங்களைத் திரட்டுவதற்காகத்தான். நாங்கள் இரண்டாம் பாகத்துக்குப் போனோம்.

குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். என்ன சொல்லப்பட்டது என்பதைப் பதிவு செய்யாமல் மன்னிப்புக் கேட்பது எனக்கு ஒத்துவராது. எதற்கு மன்னிக்கிறோம் என்று தெரியாமல் தாங்கள் மன்னித்தால் அது செல்லாது. எனவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டே, "நாப்பத்தேழு நிமிஷம். நீங்க எத்தன வார்த்தை பேசினீங்க?" என்றாள். "அஞ்சு. அதுல மூணு 'ஆமா'" என்றேன். "ஏன் இப்படிப் பேசறாரு அந்த மனுஷன்?" என்றாள். அதற்கு நான், "பாவம், அவரு என்ன பண்ணுவாரு. முப்பது வருஷமா வாயத் தெறந்துகிட்டுப் படுத்திருக்கறவங்ககிட்டயே பேசிப் பழகிட்டாரு. எதிராளி பதில் சொல்லுவான்கறதே அவருக்குத் தெரியாது" என்றேன். பல் டாக்டர்கள் அனைவரையும் பற்றிய பொதுக் கருத்தாகத்தான் சொன்னேன் என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை.

அடுத்து, சம்பந்தியம்மா போன மாதம் வந்தபோது எங்கள் கூடத்து ஜன்னல் திரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "வெளுத்தா நல்ல கலர்தான்" என்று சொன்னது பற்றிப் பேச்சு வந்தது. "தொட்ட கையத் தொடச்சிக்க வேற செஞ்சாங்க, பாத்தீங்கல்ல" என்றாள் என் மனைவி. "அவங்க நல்ல மனுஷிதான்" என்று நான் சொன்னேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். எந்தத் தொனியில் சொன்னேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பிறகு, "பையன் தங்கம்" என்றும், "அப்பா மாதிரி இல்ல" என்றும் சொன்னேன். இவை இரண்டும் தனித்தனி வாக்கியங்கள். தனித்தனியாகவே தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, பேச்சைத் துவங்கும் முன் தாங்கள் இருமுவீர்களே, சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, அதை நான் செய்து காட்டினேன். இவள் கையிலிருந்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி செய்தேன். இந்த முறை போர்வை போதவில்லை, வீடே அதிரச் சிரித்தாள். அப்போது மூன்றாவது முறையாக இருமல் கேட்டது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. நான் வாயைத் திறக்கவே இல்லை. அலமாரி இருமியது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். நான் பெட்டியிடம் "நிறுத்து" என்றேன், "வை" என்றேன், "போதும்" என்றேன், பதற்றத்தில் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இவள் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். துண்டு வழியாகவும் நீலம் தெரிந்தது. படுக்கை அறைக்குத் தூக்கிப் போகலாம் என்றால் ஒயர் எட்டவில்லை. ஒயரைப் பிடுங்கினால் மாப்பிள்ளை மாட்டிக் கொடுத்தது ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கடைசியில் தலையணையைக் கொண்டுவந்து மேலே வைத்து, அதன்மேல் இன்னொரு தலையணை. அப்புறம் இரண்டு மணி நேரம் சொந்த வீட்டில் செருப்பில்லாமல் நுனிக்காலில் நடந்தோம். பேச வேண்டியதைப் பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டிக்கொண்டோம். இவள் எழுதியதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது: "எல்லாம் உங்களால."

ஆபீஸ் முடிந்து பெண் வந்தாள். "ஏம்பா தலையணைக்குள்ள வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். எடுத்தாள், பெயர் சொல்லி ஒரு வார்த்தை சொன்னாள், விளக்கு அணைந்தது. நடந்ததைச் சொன்னோம். அவள் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு நாளாகிறது. தங்களிடமிருந்து அழைப்பு இல்லை. எங்களுக்கு அழைக்கத் தைரியம் இல்லை. நாலு வருடம் காத்திருந்து இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த பிள்ளைகள். இப்போது எங்கள் பெண் மொட்டைமாடிக்குப் போய் மாப்பிள்ளையிடம் தணிந்த குரலில் பேசிவிட்டு வருகிறாள். என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்பதில்லை. பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர் தினமும் கேட்கிறார், "புரூஃப் ரெடியா இருக்கு சார், ஓட்டட்டுமா?" என்று. நான் பெண்ணைப் பார்த்தேன். "என்னக் கேக்காதீங்கப்பா. உங்க சம்பந்தியக் கேட்டுச் சொல்லுங்க, ஓட்டலாமா வேணாமான்னு" என்றாள்.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். தாங்கள் முழுவதையும் கேட்டிருந்தால் முழுவதற்கும் மன்னியுங்கள். பாதிதான் கேட்டீர்கள் என்றால் மீதிக்கு முன்கூட்டியே மன்னியுங்கள். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தின்மேல் வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை மணி ஆனதும் நாங்கள் இரண்டு பேரும் அலமாரிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறோம். என்ன செய்வதென்று தெரியாமல் நாற்பத்தேழு நிமிடம் உட்கார்ந்திருந்து எழுந்து போகிறோம். நாற்காலிக்கு உறை போடலாம் என்பதே என் கருத்து. அன்றைக்கே சொல்லியிருப்பேன், இடைவெளி கிடைக்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் மரியாதை கலந்த வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். தங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும். திரை வெளுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே தொடர விரும்பும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்ட எச்சில் தொடும்போது தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து பக்கம். இருவருமாகப் படித்தோம். அன்று தாங்களும் கட் பண்ணவில்லை என்பதும், தங்கள் வீட்டிலும் அதே நேரத்தில் இரண்டாம் பாகம் நடந்துகொண்டிருந்தது என்பதும், பெட்டியிலிருந்து திடீரென்று என் மனைவியின் சிரிப்புக் கேட்டு, நாங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம் என்று அதிர்ந்துபோய்த்தான் தாங்கள் இருமினீர்கள் என்பதும், அப்புறம் பெட்டியைப் பாத்திர அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள் என்பதும் தெரியவந்தன. அந்தச் சிரிப்பைத் தவிர எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் தங்கள் காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கள் பேச்சும் எங்கள் காதில் விழவில்லை. அவரவர் பேசுவதில் மும்முரமாக இருந்திருக்கிறோம். நேரில் சந்திக்கும்போதும் நமக்கு இப்படித்தான் நடக்கிறது.

ஆக, "அந்தாளு லைன்ல இருக்காரா, கட்டாயிடுச்சான்னே தெரியல, செவுத்துகிட்டப் பேசற மாதிரி இருக்கு" என்று தாங்கள் என்னைப் பற்றிச் சொன்னதைத் தங்கள் கடிதம் மூலமாகத்தான் முதன்முதலாக அறிந்தேன். திரையைப் பற்றிய பத்தியை இவள் இரண்டு முறை படித்தாள். "பொண்ணு தங்கம். அப்பனக் கொண்டு பொறக்கல" என்று மூன்றாம் பக்கத்தில் இருப்பதை நான் தனித்தனி வாக்கியங்களாகவே எடுத்துக்கொண்டேன்.

"நீங்க எழுதின கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டு, நாங்களும் ஒண்ணும் கேக்கலன்னு ஒரு வரி எழுதுங்க" என்கிறாள் இவள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நடவடிக்கைக் குறிப்பையும் நான் கிழித்ததில்லை. அதுவும் தவிர, தங்களுடையதை நான் படித்துவிட்ட பிறகு என்னுடையதைத் தங்களுக்குக் காட்டாமல் இருப்பது நியாயம் இல்லை. அனுப்புகிறேன். பத்திரிகையை ஓட்டச் சொல்லி அச்சகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஆபீஸிலிருந்து வந்த பெண்ணிடம் சொன்னோம், கைப்பையை இறக்கி வைத்தாள்.

நாளை ஐந்தரைக்குக் கூப்பிடுங்கள். பேசி முடித்ததும் பெயர் சொல்லி நானே கட் பண்ணிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒயரையும் பிடுங்கிவிடுவோம். தங்களைப் பற்றி நாங்கள் பேச வேண்டியது பதினோரு நாளுக்குச் சேர்ந்துகிடக்கிறது.