நண்டை மூழ்கடித்தவன்

தண்ணீரில் பிறந்து வளர்ந்த ஜீவனைத் தண்ணீரிலேயே மூழ்கடித்துக் கொன்ற பெருமை செம்பாக்கத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு.

முட்டுக்காட்டுப் பக்கம் உப்பங்கழியில், அலையாத்தி மரங்களின் வேரடியில் வளைக்குள் கம்பி விட்டு நண்டு பிடிப்பவர் செல்வி அக்கா. நண்டு வாங்கப் போய்ப் பழக்கம். உயிரோடு, இரண்டு கொடுக்கும் முழுசாக இருந்தால்தான் விலை. அப்படி இருந்தாலும் வியாபாரி ஏதாவது குறை சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்க அபார்ட்மென்ட்லயே நேரா வித்துடலாம்க்கா" என்றேன் (பெரிய பொருளாதார நிபுணர்!). என்னை நம்பி அவரும் வியாபாரியிடம் சண்டை போட்டுவிட்டார். விற்காவிட்டால் மறுபடி அந்த ஆளிடமே போய் நிற்க வேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கொடுக்கைக் கட்டிய நண்டுகள் ஒரு ஈரச் சாக்கில் என் வீட்டுக்கு வந்தன. சர்ச்சுக்குப் போனவர்கள் திரும்பியதும், பதினோரு மணிக்கு விற்பனை.

"சாக்கு காயாம பாத்துக்கோ சார். மார்க்கெட்டாண்ட போய்ட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார் அக்கா.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், கடல் ஜீவன் சாக்கில் தவிக்கலாமா? துணி ஊறவைக்கும் டப்பில் குழாய்த் தண்ணீர் பிடித்து, கல்லுப்பைக் கொட்டி, கடல் ருசி வரும்வரை நக்கிப் பார்த்து நண்டுகளை இறக்கினேன். இடமில்லாமல் மூன்று மட்டும் சாக்கிலேயே தங்கின. சற்று நேரத்தில் டப்பில் சத்தமே இல்லை. 'சுகமான தூக்கம்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் படம் வேறு போட்டேன்.

அக்கா வந்து ஒரு நண்டின் கண்ணைத் தொட்டார். அசையவில்லை.

"இன்னா சார் பண்ணி வச்சிகீற? முழுகடிச்சிட்டியே!"

"நண்டு எப்படிக்கா முழுகும்?"

"அதுக்கு ஈரம் போதும் சார். டப்பு தண்ணில இத்தினி நண்ட போட்டா காத்து தீந்துபூடும்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. செத்த நண்டு குப்பைக்குத்தான். மொத்தப் பணத்தையும் நானே கொடுத்தேன்.

ஆனால் சாக்கில் கிடந்த மூன்றும் உயிரோடு துள்ளின. அவற்றுக்காக லிஃப்ட் வாசலில் இரண்டு ஆன்ட்டிகளும் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியரும் போட்ட சண்டையில், அடுத்த ஞாயிறு நண்டு முழுக்க அங்கேயே புக் ஆகிவிட்டது. அக்கா வியாபாரியிடம் திரும்பிப் போகவே இல்லை.

இன்றும் வாராவாரம் வருகிறார். சாக்கை என் மனைவியிடம் மட்டும்தான் தருவார். புதிதாகக் குடிவந்தவர்களிடம், "நண்ட முழுகடிச்ச சாரு இவருதான்" என்று அறிமுகமும் செய்துவைப்பார்.

போன மாதம் என் மகள் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். நான் ஆசையாக வண்டிச் சாவியை எடுத்தேன்.

"அப்பா, நீங்க வேணாம்" என்றாள். "அம்மா கூட்டிட்டுப் போகட்டும்."