அப்புக்காத்து அளந்த கால்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காலொடிந்து கிடப்பவனைத் தூக்கிவிட ஊர் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவனைக் கிடந்தபடியே அளந்து, சுற்றிவரச் சோக்கட்டியால் கோடு போட்டவர் ஒரே ஒருவர்தான். அளக்கப்பட்டவன் நான். அந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் முழுதாக மீளவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை மானிப்பாயில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் அப்புக்காத்து. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் வழக்கறிஞரை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இவருடைய தொழில் தையல். பல வருடங்களுக்கு முன் உண்மையான அப்புக்காத்து ஒருவர் தன் கறுப்புக் கோட்டின் கையைக் குறைக்கக் கொடுத்துவிட்டு, அதை வாங்க வராமலே கனடாவுக்குப் போய்விட்டார். கோட்டு கடையில் தொங்கியது. சும்மா தொங்குகிறதே என்று நம்மவர் ஒருநாள் போட்டுப் பார்த்தார். அன்றைக்கே சட்டம் அவர்மேல் இறங்கிவிட்டது.

யாராவது வேலிச் சண்டையோடு கடைக்கு வந்தால் தையல் மெசினை நிறுத்துவார், எழும்பிப் போய்க் கோட்டைப் போடுவார், திரும்பி வந்து இருந்து, “இப்ப சொல்லும்” என்பார். கோட்டுப் போடாமல் சொன்ன கருத்து செல்லாதாம். ஒருமுறை சட்டைக்குப் பொத்தான் வைக்க வந்த ஒரு பெண், பக்கத்து வீட்டு ஆடு தன் முருங்கையைத் தின்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். இவர் அன்றே ஒரு நோட்டீஸ் எழுதி அனுப்பினார். ஆட்டுக்காரருக்கு அல்ல, ஆட்டுக்கு. திண்டது ஆடுதானே என்று கேட்டார்.

நான் ரியூசன் வாத்தி, கணக்குப் படிப்பிக்கிறவன். காலையில் ஒரு நிலையம், பின்னேரம் இரண்டு, எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் நின்றபடி கத்துகிற தொழில். என் கால் நின்றால்தான் வகுப்பு நடக்கும், வகுப்பு நடந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

ஒருநாள் பின்னேரம், அப்புக்காத்தின் கடைக்கு முன்னால், பின்னுக்கு வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று என்னை அடித்தது. அடித்தது மட்டும்தான் தெரியும். அதற்கு முந்திய அரை நிமிடம் என் தலைக்குள்ளிருந்து அப்படியே காணாமல் போய்விட்டது. கண் விழித்தபோது மேலே வானம், அதற்கு நடுவில் கழுத்தில் அளவுநாடா தொங்க அப்புக்காத்து.

சுற்றிவரச் சனம். ஒருவர் என் தோளைப் பிடிக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க வர, மூன்றாமவர் ஓட்டோவைக் கூப்பிட்டார். மிச்சப்பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள். அப்புக்காத்து இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் மறித்தார்.

“ஒருத்தரும் தொடாதேங்கோ. இன்னும் அளந்து முடியேல்லை.”

“அண்ணை, கால்...” என்று முனகினேன்.

“கால் கடைசியா. முதல் றோட்டு.”

தையற்காரர் நாடா அறுபது அங்குலம்தான். அதை வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் ரயர் தேய்ந்த கோடு முழுவதையும் முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து அளந்தார். என்னை அடித்த பெடியன் வேலியோரம் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வைத்தார். அவனும் பிடித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து நீலச் சோக்கை எடுத்து என்னைச் சுற்றிக் கோடு போடத் தொடங்கினார். ஒடிந்த கால் பக்கம் வந்தபோது மட்டும், தையலுக்கு விடுவதுபோல இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டார்.

“அசையாதேங்கோ மாஸ்ரர். நீங்கள் இப்ப சான்றுப்பொருள்,” என்றார்.

அம்புலன்ஸ் வரும்வரை நான் சான்றுப்பொருளாகவே கிடந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் காலை மடக்கி ஓட்டோவில் ஏற்றியிருந்தால் உடைந்த எலும்பு இரத்தக் குழாயை வெட்டியிருக்கும் என்றார். என்னை அசையவிடாமல் வைத்திருந்த புண்ணியவான் யார் என்றும் கேட்டார். என் மனைவி மறுநாளே அந்தப் புண்ணியவானுக்கு வடை சுட்டு அனுப்பினாள். அவர் எதற்காக அசையவிடவில்லை என்பதை நான் இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் அவர் கோட்டோடுதான் வந்தார். பக்கத்துக் கட்டிலில் பனையால் விழுந்த ஒருவர் இருந்தார். தனக்கும் நட்டஈடு கிடைக்குமோ என்று அவர் ஆசையாகக் கேட்டார். அப்புக்காத்து பனை யாருடையது என்று விசாரித்தார். சொந்தப் பனைதான் என்றார் அவர்.

“அப்ப நீர்தான் உமக்குத் தரவேணும். எப்ப தாறீர்?”

அந்த மனிதர் வீட்டுக்குப் போகும்வரை எங்கள் பக்கம் திரும்பிப் படுக்கவே இல்லை.

எனக்குச் சிரிக்கிற நிலை இல்லை. பத்து மாதம் வகுப்பில்லை. மனைவியின் தாலிக்கொடி அடைவுகடைக்குப் போய்விட்டது. அவள் மஞ்சள் கயிற்றோடு நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் நட்டஈட்டு வழக்குப் போட்டேன். உண்மையான சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தோம். மோட்டார் சைக்கிளின் காப்புறுதிக் கம்பனிக்காரர், பெடியன் மெதுவாகத்தான் வந்தான், மாஸ்ரர்தான் கை காட்டாமல் திடீரென்று வலப்பக்கம் திரும்பினார் என்றார்கள். நான் நேராகத்தான் போனேன் என்றேன். அப்படித்தான் மனதார நம்பினேன். திரும்புவதற்கு எனக்கு என்ன தேவை?

விபத்து நடந்த அன்றிரவு பெய்த மழையில் றோட்டில் இருந்த அடையாளமெல்லாம் கழுவுப்பட்டுப் போய்விட்டது. சனம் கைபேசியில் எடுத்த படங்களில் றோட்டு இல்லை, நான்தான் இருந்தேன். மிச்சமிருந்தது அப்புக்காத்தின் அளவுக் கொப்பி மட்டும்தான். சட்டத்தரணி அதை விரித்துப் பார்த்துத் திகைத்துப் போனார். ஆள் பெயர் எழுதுகிற இடத்தில் ‘றோட்டு’ என்று இருந்தது. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் வெட்டப்பட்டு, நீளம் என்ற இடத்தில் ‘ஐந்நூற்று ஐம்பத்திரண்டரை’ என்று இருந்தது. அரை அங்குலத்தைக்கூட விடாமல் எழுதியிருந்ததைப் பார்த்ததும், இதுதான் எங்கள் வழக்கு என்று சட்டத்தரணி கொப்பியைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

நீதிமன்றத்தில் தவணைக்கு மேல் தவணை போட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அப்புக்காத்து பஸ் ஏறி வந்தார். கோட்டைப் போட வேண்டாம் என்று வாசலில் ஒரு பொலிஸ்காரர் எச்சரித்ததால், அதை மடித்துப் பையில் வைத்து மடியில் வைத்திருப்பார். கடைசி வாங்கில் இருந்தபடி “ஆட்சேபிக்கிறன்” என்று முணுமுணுத்ததற்காக இரண்டுமுறை வெளியில் அனுப்பப்பட்டார். இரண்டும் வேறு யாருடையவோ காணி வழக்குகள்.

கடைசியில் அவர் சாட்சி சொல்கிற நாள் வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் சட்டத்தரணி அவரிடம் மூன்று தரம் சொன்னார். முதல் பாதி அருமையாகப் போனது. அங்குலம் அங்குலமாகச் சொன்னார். நீதிபதியே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். நான் மனதுக்குள் தாலிக்கொடியை மீட்டே விட்டேன்.

பிறகு எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பினார். தைத்துக்கொண்டிருந்த மனிதர் சரியாக அந்த நேரம் பார்த்து றோட்டைப் பார்த்தது எப்படி என்று நக்கலாகக் கேட்டார்.

அப்புக்காத்து சாட்சிக்கூட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார்.

“மாஸ்ரரைக் கூப்பிட்டனான். அதுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“ஏன் கூப்பிட்டனீர்?”

“மாஸ்ரர் தைக்கத் தந்த களிசான் முடிஞ்சுது. வந்து எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டனான். நான் கூப்பிட்டபடியாத்தான் அவர் வலப்பக்கம் திரும்பினவர். கை காட்டேல்லை. காட்ட நேரமும் இருக்கேல்லை.” பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினார். “ஐயா, பிழை என்னிலையும் இருக்கு. என்னையும் எதிராளியாச் சேர்க்கவேணும்.”

நான் ஊன்றுகோலை மறந்து எழும்பி நின்றுவிட்டேன். எங்கள் சட்டத்தரணி தலையைக் குனிந்தவர் நிமிரவேயில்லை. மனைவியின் கை தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போனது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி தன் கடுதாசிகளை அடுக்கத் தொடங்கினார். அவர் கேட்டது நக்கலுக்குத்தான். இப்படி ஒரு பதிலை அவரும் எதிர்பார்க்கவில்லை.

வாசலில் அப்புக்காத்தைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒண்டரை வருஷமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நேரை சொல்லப் பயமாக் கிடந்தது மாஸ்ரர்.” அவர் பையில் இருந்த கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். “கூட்டிலை ஏறித்தான் எனக்குத் துணிவு வந்தது.”

நான் அவரோடு பேசாமல் பஸ் ஏறினேன். தீர்ப்பு வரும்வரை அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. வேறு ஒழுங்கையால் சுற்றிப் போய் வந்தேன்.

தீர்ப்பு நாளில் எனக்கு இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. தனக்கெதிராகவே உண்மை சொல்கிற சாட்சி அளவில் பொய் சொல்ல மாட்டார் என்றார் நீதிபதி. ரயர் தேய்ந்த நீளத்தை வைத்துப் பெடியன் வந்த வேகம் அதிகம் என்று முடிவு செய்தார். கை காட்டாமல் திரும்பிய என் பிழைக்கு ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தரச் சொன்னார். எங்களைக் கவிழ்த்தது என்று நான் நினைத்த அந்த வாக்குமூலம்தான் எங்களைக் கரை சேர்த்தது. தாலிக்கொடி அந்தக் கிழமையே வீட்டுக்கு வந்தது.

அப்புக்காத்து மட்டும் திருப்திப்படவில்லை. தன்னை எதிராளியாகச் சேர்க்காதது பெரிய குறை என்றார். சமாதானம் பேசப் போன என்னை இருத்திவைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, தனக்குத் தானே தீர்ப்பு வாசித்தார். மாஸ்ரரின் ஆயுள் முழுக்க அவருக்குக் களிசான், அதாவது நீளக் காற்சட்டை, தைத்துக் கொடுக்க வேண்டும், கூலி வாங்கக்கூடாது. நான் மறுத்தேன். இதற்கு மேன்முறையீடு கிடையாது என்று சொல்லிக் கோட்டைக் கழற்றிவிட்டார்.

காலுக்குள் வைத்த தகட்டை எடுத்த பிறகு புதிதாக அளவெடுத்தார். வலது காலை அளந்தார், இடதை அளந்தார், இடதை இன்னொரு தரம் அளந்தார். கொப்பியில் எதையோ எழுதி மூடினார். என்ன என்று கேட்டேன். வயிறு பெருத்து வண்டி கொஞ்சம் வைத்துவிட்டது என்றார். அதோடு அதை மறந்துவிட்டேன்.

இந்த வருடம் தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று அவர் கனடாவுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து என் அக்காவின் மகளுக்குக் கலியாணம். பட்டினத்தில் ஒரு கடையில் தைத்த காற்சட்டை ஒன்று வாங்கினேன். போட்டுப் பார்த்தால் இடது கால் நிலத்தைக் கூட்டியது. மாற்றிக் கேட்டேன். அடுத்ததும் கூட்டியது. கடைக்காரர் காற்சட்டையைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அப்புக்காத்து தைத்துத் தந்த அத்தனை காற்சட்டைகளையும் கட்டிலில் விரித்து அளந்தேன். எல்லாவற்றிலும் இடது கால் முக்கால் அங்குலம் கட்டை. நடக்கும்போது ஒரு பக்கம் சரிவதை இத்தனை நாளும் வயது என்று நினைத்திருந்தேன்.

அப்புக்காத்தை வட்ஸ்அப்பில் அழைத்தேன்.

“அண்ணை, என்ரை இடது கால் கட்டையெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?”

அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்கு மேலால் அவர் குரல் வந்தது.

“வழக்கு முடிஞ்சாப் பிறகு புதுச் சாட்சியம் எடுபடாது மாஸ்ரர்.” பிறகு சொன்னார்: “கடைக் களிசானைப் போடாதேங்கோ. தடக்கி விழுந்திடுவீங்கள். நான் வைகாசியிலை வாறன்.”

கலியாணத்துக்குப் பழைய காற்சட்டையோடுதான் போனேன். புதுத் துணி வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். அவர் கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் சைக்கிளை மெதுவாக்கி, “மாஸ்ரர்” என்று ஒரு சத்தம் கேட்காதா என்று பார்க்கிறேன். கேட்டால், இந்த முறை கை காட்டித்தான் திரும்புவேன்.