குளியலறைச் சுவரில் முட்டைக்காரி

மகள் பிறந்து முதல் தடவையாக வீட்டுக்கு வரப்போகும் நேரத்தில், தையல்காரர் துடைப்பமும் கையுமாகக் குளியலறை வாசலில் நின்றிருந்தார். எதிர்ச் சுவரில், விரித்த கை அளவுக்கு ஒரு சிலந்தி.

போனில் மனைவி சொன்னாள். "அது விஷமா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் பிள்ளையோட உள்ள வருவேன்."

நியாயம்தான். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார்.

"அட, முட்டைக்காரிடா! முட்டையை வயித்துக்கடியில தூக்கிட்டுத் திரியும். கரப்பானைத் தின்னும், ஆளை ஒண்ணும் செய்யாது. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு இருக்கு."

தையல்காரருக்குப் போன உயிர் வந்தது. பெயரை மனைவியிடம் சொன்னார். அவள் வெளியூரில் இருக்கும் தன் அண்ணனிடம் சொன்னாள். அவர் உடனே கூப்பிட்டார்.

"முட்டைக்காரியா? நான் இருக்கற ஊர்ல அது கடிச்சா சதையே அழுகிடும், மாப்ள! ஒண்ணு உள்ள இருந்தா ஜோடி வெளிய சுத்தும். முதல்ல ஜன்னலை அடைங்க!"

"அக்கா ஒண்ணும் செய்யாதுன்னுச்சே?"

"அவங்க சொல்றது நண்டுச் சிலந்தியா இருக்கும்."

"நண்டுச் சிலந்தியா?" என்று தையல்காரர் திருப்பிக் கேட்டதும், படியிறங்கி வந்த மாடிவீட்டு வாத்தியார் முகம் இருண்டது. "எங்க பக்கம் நண்டுச் சிலந்தின்னா பாயும். அசையுதா?"

"காலையிலேர்ந்து அசையவே இல்ல, சார்."

"குறி பார்க்குது" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் மேலே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

தையல்காரர் கடையிலிருந்து வெட்டுத்துணி மூட்டையைத் தூக்கிவந்தார். ஜன்னல் இடுக்கு, சாக்கடைத் துளை, பின்கதவின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் துணியைத் திணித்தார். தொட்டில் இருந்த அறைக்கு இரண்டு சுற்று. எறும்புகூட நுழைய முடியாது. ஒரு தகப்பனாகத் தான் செய்த முதல் வேலை என்று அவருக்குக் கண் கலங்கியது.

வாசலில் கார் வந்து நின்றது. மனைவி இறங்கவில்லை. துணிச் சுற்றலுக்குள் மகளின் நெற்றி மட்டும் தெரிந்தது. பெற்ற மகளை உள்ளே வா என்று கூப்பிட முடியாமல் அவர் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றார்.

"ஏங்க, கடைசியா அது என்னதான்?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கம்மா."

காரில் கூட வந்த மாமியார் இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"அத்தை, பாயும்!" என்று தையல்காரர் பின்னாலேயே ஓடினார்.

மாமியார் சுவருக்குக் கிட்டே போய் ஓர் ஊது ஊதினார். சிலந்தி சருகு மாதிரி மிதந்து தரையில் விழுந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அடைத்திருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"இது உரிச்சுப் போட்ட வெறும் தோல், மாப்பிள்ளை. இது பத்தாமப் போற அளவுக்கு வளர்ந்தது வீட்டுக்குள்ளதான் எங்கயோ இருக்கு, அது வெளிய போற வழியை எல்லாம் எதுக்கு இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க?"