அலமாரிக் கதவில் ஒரு கிடார்

"மறுபடியும் இறங்கிடுச்சு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து மூலைக்கு ஓடி, கிடாரின் தந்திகளை ஒரு மீட்டு மீட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்காரர் போட்ட கூச்சல் இது.

"எதுங்க, விலைவாசியா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"சுருதி! காலையில கடைக்குப் போகும்போது அத்தனையும் கச்சிதமா வெச்சுட்டுப் போனேன். இப்ப பாரு, ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு பக்கம் போகுது."

"வீட்டுல செஞ்சது வேற எப்படி இருக்கும்?"

வீட்டில் செய்தது. இந்த வார்த்தையைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முகத்துக்கு முகம் ஃப்ரேமை வளைத்து, எறும்புத் தலை அளவு திருகாணியைத் திருகி, ஊரையே பார்க்க வைக்கிறவர். ஆனால் வீட்டில் அவர் கைவேலைக்கு ஒரு மரியாதையும் கிடையாது. அவர் அடித்த புத்தகத் தட்டு புத்தகங்களோடு கீழே வந்தது. அவர் செய்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தவர்கள் மறுமுறை வந்தபோது நின்றுகொண்டே பேசினார்கள்.

அந்த அவமானத்தையெல்லாம் துடைக்கத்தான், பழைய அலமாரியின் கதவை அறுத்து, இழைத்து, இந்த எலெக்ட்ரிக் கிடாரைச் செய்தார். அதிலும் சாதாரண கிடார் இல்லை. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அசைகிற வகை. முன்பக்கம் தந்திகள் இழுக்கும், முதுகுப் பக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்கும், நடுவே பிரிட்ஜ் மிதக்கும். அதில் ஒரு கைப்பிடி. அழுத்தினால் ஸ்வரம் அப்படியே வழுக்கி இறங்கி, விட்டதும் பழைய இடத்துக்கே ஏறி வரும். வர வேண்டும். இவருடையதுதான் இறங்குவதோடு நின்றுவிடுகிறது.

"அசையாத பிரிட்ஜா போடுங்க மாமா, தலைவலி இல்ல" என்று மனைவியின் தம்பி அன்றைக்கே சொன்னான். கச்சேரிகளில் கிடார் வாசிப்பவன். சொன்னதோடு விட்டானா? போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் கிடாரை எடுத்து ஒரு மீட்டு மீட்டி, பல் கூசியவன்போல் முகத்தைச் சுளித்தான்.

"மாமா, இது ஒரு நாள் கூட சுருதியில நிக்காது. நான் எழுதியே தரேன்."

"அடுத்த ஞாயிறு வா. வந்ததும் நீயே எடுத்து வாசி. சுருதி சேர்க்கிற முறுக்காணியை யாரும் தொட மாட்டோம். சுத்தமா இருக்கும், பாரு."

"இல்லன்னா?"

"இல்லன்னா இதைக் கழட்டித் திரும்ப அலமாரிக்கே கதவா மாட்டிடறேன். அப்புறம் இந்த வீட்டுல நான் உளியையே தொட மாட்டேன்."

"நல்ல முடிவு" என்றான் மச்சினன். அவன் சொன்னதைவிட, மனைவி அதை மறுத்து ஒரு வார்த்தை பேசாததுதான் அவருக்குச் சுருக்கென்றது. உளியை எடுத்தால்தான் அவர் மனிதராக இருந்தார். மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, விடுவாரா? கூச்சல் போட்ட அந்தத் திங்கட்கிழமை மாலையே உட்கார்ந்தார். போனில் சுருதி காட்டும் ட்யூனரைப் போட்டு முதல் தந்தியை ஏற்றினார். ஏற்றியதும் பிரிட்ஜ் முன்னால் சாய, மற்ற ஐந்தும் இறங்கின. அந்த ஐந்தையும் ஏற்றினார். முதலாவது படுத்துவிட்டது.

"சாப்பாடு ஆறுதுங்க."

"இதோ ஒரே ஒரு தந்தி."

"அரை மணி நேரமா அந்த ஒரே ஒரு தந்திதான்."

"ஒண்ணைத் தூக்கினா மத்தது விழுது. உங்க வீட்டு மனுஷங்க மாதிரியே இருக்கு."

"எங்க வீட்டு மனுஷங்களைத் தந்தியில கட்டாதீங்க. வந்து சாப்பிடுங்க."

ஒருவழியாக ஆறையும் சமாதானப்படுத்திவிட்டுத்தான் சாப்பிட்டார். மறுநாள் மாலை கடையிலிருந்து வந்து மீட்டினால், பழைய குருடி கதவைத் திறடி கதையாக எல்லாம் இறங்கிக் கிடந்தது.

ஸ்பிரிங் போதவில்லை என்று முடிவு கட்டினார். முதுகு மூடியைக் கழற்றி, இன்னும் இரண்டு ஸ்பிரிங் சேர்த்து இறுக்கினார். பிரிட்ஜ் பின்னால் அமிழ்ந்து உட்கார, தந்திகள் பலகையை உரசி வண்டு மாதிரி ரீங்காரம் போட்டன. தந்திகளைத் தூக்கினார். தூக்கியதில் சுருதி போயிற்று. சுருதியைச் சேர்த்ததில் இடுப்பு போயிற்று. மறுநாள் மாலை, முந்தின நாளைவிட மோசம்.

"காத்துல ஈரம். மரம் ஊறுது" என்று கண்டுபிடித்தார். ஜன்னல்களை அடைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். கிடாருக்கும், அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்துக் கம்பளி போர்த்தினார்.

"எனக்கும் ஒரு கம்பளி குடுங்க, செத்துப்போறேன்" என்றாள் மனைவி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கோ."

மறுநாள் மாலை கம்பளிக்குள் கையை விட்டால் ஆம்ப்ளிஃபயர்கூட வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலை அடைத்ததன் பலன் என்று நினைத்துக்கொண்டார். சுருதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, கழுத்து முனையில் தந்திகள் படிகிற பள்ளங்களில் அவை சிக்கிக்கொள்கின்றன என்று பட்டது. கடையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கும் அரத்தைக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பள்ளத்தையும் தேய்த்து, பென்சில் கரியைப் பூசினார். அடேயப்பா! கைப்பிடியை அழுத்தினால் வெண்ணெயாக இறங்கிற்று. விட்டால் ஒரு இம்மி பிசகாமல் ஏறிற்று. அவருக்குத் தெரிந்த ஒரே மெட்டை வாசித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி?" என்றார்.

"ம், பரவாயில்ல" என்றாள் மனைவி. ஆனால் கிடாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மாலை வந்தால் முதல் தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது. ஒன்று போனதும் ஸ்பிரிங் ஓங்கி இழுத்ததில் மற்ற ஐந்தும் உச்சத்துக்கு ஏறி, தொட்டாலே கீச்சிட்டன.

"என்ன ஆச்சு?"

"தானா படார்னு அறுந்துச்சு. நான் பயந்தே போயிட்டேன்."

கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கோளாறாகச் சரி செய்யச் செய்ய இது மேலும் மேலும் கெட்டுப்போகிறதே, இது என்ன நியாயம்?

"பேசாம பிரிட்ஜுக்கு அடியில ஒரு கட்டையைச் செருகி அசையாம பண்ணிடறேன்."

"ஐயோ, வேணாங்க!" என்றாள் அவள் பதறிப்போய். "அந்தக் கைப்பிடிதானே அதுக்கு அழகு?"

அவளே இப்படிச் சொன்னது அவருக்குப் புது ரோஷத்தைக் கொடுத்தது. கட்டை யோசனையைக் கைவிட்டார். புதுத் தந்தி போட்டார், சேர்த்தார். சனிக்கிழமை காலை கிடாரைப் பெட்டியில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இதை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"கடைக்கு. நாள் பூரா கண்ணு முன்னாடியே வெச்சிருந்து, எந்த நேரத்துல இறங்குதுன்னு பார்த்துடறேன்."

"இங்கயே இருக்கட்டுமே. நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே" என்று கிளம்பிவிட்டார்.

கடையில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் கிடாரை நிறுத்தினார். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு வரி படித்ததும் ஒரு தந்தியை மீட்டினார். "சரியா படிச்சா மணி அடிப்பீங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். கைப்பிடியை அழுத்தினார், விட்டார். மத்தியானம் மீட்டினார். கடையை அடைக்கும் முன் மீட்டினார். ஒரு தந்தி, ஒரே ஒரு தந்தி அசைய வேண்டுமே! ஊஹூம்.

"வீட்டுக் காத்துதான் சரியில்ல" என்று தீர்மானமாக வந்து சொன்னார். பெட்டியைக் கட்டிலில் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். பெட்டியைத் திறந்தான், ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் செருகினான், மீட்டினான். கூடம் முழுக்க சுத்தமான நாதம். நம்பாமல் கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்தினான். இறங்கியது, ஏறியது, பழைய இடத்துக்கே வந்து நின்றது. விடாமல் இன்னும் பத்து நிமிஷம் பாடாய்ப் படுத்தினான். அலமாரிக் கதவு அசைந்து கொடுக்கவில்லை.

"ஒத்துக்கறேன் மாமா. என் கிடாரே இப்படி நிக்காது."

கண்ணாடிக்காரர் பெருமையோடு திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் அவரைவிடப் பெரிய சந்தோஷம்.

"நான்தான் சொன்னேனே, அருமையான கிடார்னு" என்றாள்.

"எப்ப சொன்னே?"

அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பவர். சத்தத்துக்குச் சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று கண்ணாடிக்காரர் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார். அவரை முந்திக்கொண்டு மனைவி ஓடினாள்.

"சார், நீங்க போங்க, நானே அப்புறம் கீழ வந்து பேசறேன்!"

"இருக்கட்டும்மா, உங்களைப் பார்த்துட்டேன், அது போதும்" என்றார் கீழ்வீட்டுக்காரர். பிறகு கண்ணாடிக்காரரிடம் திரும்பினார். "ஒண்ணுமில்ல சார், தினம் நீங்க கடைக்குப் போனதுலேருந்து சாயங்காலம் வரைக்கும் இவங்க விடாம கிடார் வாசிப்பாங்களா, நேத்து ஒரு சத்தத்தையும் காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."